பெட்டியில் போட்டவர்

“அது யாருன்னு திங்கட்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும். தெரிஞ்ச அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்” என்றார் ஜி.எம்.

ஹெச்.ஆர். அதிகாரி தலையாட்டினாள். ஆளை வேலைக்கு எடுக்கும்போது அவளுக்கு வரும் உற்சாகம், அனுப்பும்போது வருவதில்லை.

விஷயம் இதுதான். பாட்டில் மூடி தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் வாசலில் ஓர் ஆலோசனைப் பெட்டி உண்டு. பழைய சி.இ.ஓ. காலத்தில், கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டவரை மறுநாளே வேறு ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் சிலந்திதான் குடியிருந்தது.

புது சி.இ.ஓ. வந்தார். திங்கள்தோறும் எல்லாரையும் கூட்டி வைத்து, தானே பெட்டியைத் திறந்தார். முதல் மாதம் முழுக்கக் காலி. அப்புறம் ஒரு சீட்டு விழுந்தது. டைப் அடித்தது, பெயர் இல்லை.

‘சி.இ.ஓ. கூட்டத்துக்கு எப்பவும் கால் மணி நேரம் லேட்.’

அவரே உரக்கப் படித்தார். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சீட்டு, கேன்டீனில் மேலதிகாரிகளுக்கு மட்டும் தனி மேஜை எதற்கு என்று கேட்டது. மேஜை போயே போய்விட்டது. கூடவே தன் நாற்காலியும் போனதுதான் ஜி.எம்.முக்கு ஆறவில்லை. தலைவரையே இப்படி நாலு பேர் முன்னால் கிழித்தால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள் என்று பொருமினார். நம்மை என்றால் அவரை. போதாக்குறைக்கு, இப்போது மற்றவர்களும் தைரியம் வந்து சீட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் சந்தேகம் ஸ்டோர்ஸ் கிளார்க் மேல். கம்பெனியில் அந்த மனிதரின் பட்டப்பெயரே ‘முணுமுணுப்பு’. ரிட்டையர் ஆக எட்டு மாதம்தான் பாக்கி. மகள் படிப்பு இன்னும் முடியவில்லை. வேறு ஆள் சிக்காவிட்டால் இவர்தான் என்று ஜி.எம். முடிவே கட்டிவிட்டார்.

ஹெச்.ஆர். அதிகாரி ஸ்டோர்ஸுக்கே போய்த் தனியாக விசாரித்தாள்.

“எழுதற தைரியம் இருந்தா நான் ஏன் மேடம் முணுமுணுக்கப் போறேன்?” என்றார் அவர்.

அவளுக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. எப்படியாவது இவரைக் காப்பாற்றியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நேராக சி.இ.ஓ. அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினால் இடி விழுந்தாலும் சத்தம் தாண்டாத அறை. சாத்திவிட்டு, ஒருவர் விஷயமாகப் பேச வேண்டும் என்று ஆரம்பித்தாள். யாரிடமோ ஃபோனில் சண்டை போட்டு முடித்திருந்தவர், எதையும் கேட்க இப்போது நேரமில்லை, போங்கள் என்று எரிந்து விழுந்தார்.

அவள் திரும்பி வந்தாள். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. பெட்டியை நம்பி ஊரே பேசுகிறது, நேரில் போனால் இந்த லட்சணம் என்று மனம் கசந்துபோயிருந்தாள்.

திங்கட்கிழமை பெட்டியில் ஆறு சீட்டு. கடைசிச் சீட்டை சி.இ.ஓ. நிதானமாகப் படித்தார்.

‘வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர். மேடம் ஏதோ சொல்ல வந்தாங்க. சி.இ.ஓ. காது குடுத்துக் கேக்காம எரிஞ்சு விழுந்தார். அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.’

சி.இ.ஓ. எழுந்து நின்றார்.

“ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க மேடம். என்ன சொல்ல வந்தீங்க, இப்பச் சொல்லுங்க.”

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து நெஞ்சில் இருந்த கனம் இறங்கிவிட்டது.

“இனிமே அவசியம் இல்ல சார். அது சரியாயிடுச்சு” என்று சிரித்தாள்.

பக்கத்தில் இருந்த ஜி.எம். அவள் காதருகே குனிந்தார். “பாத்தீங்களா திமிரை? ஸ்டோர்ஸ் ஆள்தானே?”

“இல்ல சார். யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்.”

“யாரு?”

“அன்னிக்குக் கதவு சாத்தியிருந்தது சார். உள்ள இருந்தது நாங்க ரெண்டே பேர். நான் எழுதலை.”