வகுப்பு முடியட்டும்

“டாக்டர், வெளியே ஒருத்தர் பல்வலியில துடிக்கிறாரு. வெளியூர்க்காரராம்,” என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

“துடிக்கட்டும்!” பல் டாக்டரம்மா எரிந்து விழுந்தாள். “ஆன்லைன் கிளாஸ் லைவா ஓடிட்டிருக்கு. பாதியில எழுந்தா சர்டிபிகேட் கிடைக்காது. அப்புறம் உங்க அப்பனா வந்து என் லைசென்ஸைப் புதுப்பிச்சுக் கொடுப்பான்?”

கம்ப்யூட்டரில் பேராசிரியர் குழைந்துகொண்டிருந்தார்: “வலியோட வர்றவங்களை ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்காதீங்க.”

டாக்டரம்மா அதைச் சிரத்தையாகக் குறித்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ஆள் உள்ளே நுழைந்தார். ஒரு கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

“வெளியே போய்யா! பேராசிரியர் பேசுறது காதுல விழல?”

“விழுது,” என்று உறுமினார் அவர். “போன வருஷம் நான் பேசி ரெக்கார்டு பண்ணினதுதானே? உங்க சர்டிபிகேட்லதான் இன்னும் கையெழுத்துப் போடல.”