ஏரி முழுசாகத் தெரிகிறது

ஜைத்தூன் தன் மகனின் நிக்காஹ் பத்திரிகையை என் டீப்பாய்மேல் வைக்கிற அதே நேரத்தில், ஜெர்மனியிலிருந்து என் மகள் புஷ்ரா வீடியோவில் கூப்பிடுகிறாள். "வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பொண்ணு எங்களுக்கு வேணாம்" என்று இரண்டு வருடத்துக்கு முன் ஜைத்தூன் புஷ்ராவோடு தன் மகனுக்குப் பேசிய நிச்சயத்தை முறித்ததும் இதே அபிராமபுரத்து வீட்டில், இதே சோபாவில் உட்கார்ந்துதான். உள்ளே போய்ப் பேசலாம். நான் போகவில்லை. போனை ஜைத்தூன் பக்கம் திருப்புகிறேன். "அம்மா, எக்ஸாம் முடிஞ்சிருச்சு!" புஷ்ராவுக்குப் பின்னால் நீல ஏரி, கண் கூசும் வெயில், ஈரத்தலையோடு சிரிக்கிற தோழிகள். நம் வீட்டு விருந்து மாதிரியே ஒரே தாம்பாளத்துப் பிரியாணியைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கைபோட்டுச் சாப்பிடுகிறார்கள். "மாமிக்கு சலாம் சொல்லு." "அஸ்ஸலாமு அலைக்கும் மாமி, நல்லா இருக்கீங்களா?" ஜைத்தூன் பதில் சலாமை முணுமுணுத்துவிட்டுப் பையை எடுக்கிறாள். அவள் டீயில் ஆடை படிந்திருக்கிறது. "கிளம்பறேன்." "இருங்க, டீகூட குடிக்கல. இவ ஏரியைக் காட்டுறா, பாத்துட்டுப் போங்க." போனை டீப்பாய்மேல் நிறுத்துகிறேன்; சரிகிறது. முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். பொன்னெழுத்துப் பத்திரிகையை எடுக்கிறேன். நல்ல கெட்டி அட்டை. மணமகன் பெயருக்குக் குறுக்கே மடித்து, ஜைத்தூன் பார்க்க நகத்தால் அழுத்தி, போனுக்குப் பின்னால் நிறுத்துகிறேன். இப்போது ஏரி முழுசாகத் தெரிகிறது.