ஆளுக்கொரு பன்

நாய் கருவாயனின் கண் மஞ்சளாகியிருந்தது. "எலி மோண்ட தண்ணியக் குடிச்சிருக்கும். எலிக்காய்ச்சல் மாதிரிதான் தெரியுது. தடுப்பூசி போட்டீங்களா?" என்றார் மாட்டு டாக்டர்.

"போன மாசமே போட்டாச்சு சார். மாமாதான் கூட்டிக்கிட்டு வந்தாங்க" என்றாள் மருமகள் தேன்மொழி.

செல்லக்கண்ணு சுவரைப் பார்த்தார். அன்று வந்தது நிஜம்தான், இந்த ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும். 'நல்லா இருக்கிற நாய்க்கு ஊசியாம், டாக்டர் பயலுக பித்தலாட்டம்' என்று எதிர் டீக்கடையில் தானும் நாயும் ஆளுக்கொரு பன் தின்றுவிட்டுத் திரும்பியிருந்தார்.

"போட்டாச்சுன்னா அதுவா இருக்காதே" என்று டாக்டர் எடுத்த மருந்தைத் திரும்ப வைத்தார்.

"சொல்லுங்க மாமா, போட்டாச்சுல்ல?"

நிற்க முடியாத கருவாயன், படுத்தபடியே கழுத்தை நீட்டி அவர் கையை முகர்ந்தது. பன் இருக்கிறதா என்று பார்த்தது.

"தாயீ..." என்றார் செல்லக்கண்ணு.