நாச்சியாருக்கு ஓர் ஆட்சேபக் கடிதம்

விஸ்வலிங்கத்தின் போனுக்கு நாடகப் போஸ்டர் வந்தபோது காலை மணி ஏழு. ஏழரைக்குள் செயலவை உறுப்பினர்கள் அத்தனை பேரையும் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டார்.

பின்னே? மலேசியாவின் ஈப்போ நகரில் முப்பது வருடமாக நடக்கும் நாடகச் சங்கத்துக்கு அவர் தலைவர். இந்த வருட நாடகம், வெள்ளைக்காரனை எதிர்த்துப் போரிட்ட சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் வரலாறு. போஸ்டரில் வாளும் கையுமாக நிற்கிற நாச்சியாருக்குச் சீன முகம்.

கடைசியாக இயக்குநர் தீபனைப் பிடித்து, வீட்டில் பழகிய யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

"தம்பி, ஊரில தமிழ்ப் பிள்ளையளே இல்லையெண்டா ஒரு சீனத்தியை நாச்சியாராப் போட்டீர்?"

தீபன் பொறுமையாகச் சொன்னான். பெண்ணின் பெயர் கலாதேவி. பிறந்த ஒன்பதாம் நாளே, ராசியில்லாத குழந்தை என்று பெற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த முத்தம்மா எடுத்து வளர்த்தாள். படித்தது தமிழ்ப்பள்ளி, பேசுவது தமிழ். வேலை முடிந்து நேராக ஒத்திகைக்கு வந்துவிடுகிறாள், மூன்று மாதமாக ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை.

"ஒரே ஒரு வசனம் பேசச் சொல்றேன் ஐயா. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க லா."

"கேட்க என்ன கிடக்கு? பார்த்தாலே விளங்குதே."

இதே நாடகத்தில் ஆங்கிலேயத் தளபதியாக நடிப்பவர் விஸ்வலிங்கம்தான். சங்கத்து மேடையில் கவர்னர், கலெக்டர், தோட்டத்துத் துரை என்று எந்த வெள்ளைக்காரன் வந்தாலும் அது அவருக்கே எழுதி வைத்த வேடம். ஒரு டப்பா பவுடரும் ஒரு தொப்பியும் இருந்தால் போதும், ஒத்திகைப் பக்கமே வராமல் துரையாகிவிடுவார். தீபன் அதை மெதுவாக நினைவுபடுத்தினான்.

"அது நடிப்பு, தம்பி. இது வரலாறு," என்று போனை வைத்துவிட்டார்.

தீபன் அசைகிற மாதிரி இல்லை. ஆட்சேபக் கடிதம் கொடுப்பதென்று விஸ்வலிங்கம் முடிவு செய்தார். சங்கத்துக்கு வரும் எந்தக் கடிதமும் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததே அவர்தான்.

அதில் அவருக்கு ஒரே ஒரு சிரமம் இருந்தது. அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்து, அரசாங்க உத்தியோகத்தில் மலாய்க் கோப்புகளோடு காலம் தள்ளியவர். தமிழ் உணர்வு தலைக்கு மேல் உண்டு, எழுத்துத்தான் வராது. மேடையில் முழங்குகிற தமிழ் உரைகளைக்கூட ரோமன் எழுத்தில் எழுதி வைத்துத்தான் படிப்பார்.

அதற்காகவே லிட்டில் இந்தியாவில் ஒரு டைப்பிங் கடையைப் பிடித்து வைத்திருந்தார். கார் நிறுத்த இடம் கிடைக்காத தெரு என்பதால் ஒருநாளும் அங்கே போனதில்லை. மனத்தில் இருப்பதைப் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கடையில் இருக்கும் பெண் சந்தேகம் கேட்டு ஒருமுறை கூப்பிடுவாள். மறுநாள் முத்து முத்தான தமிழில் வந்து சேரும். இந்தக் கடிதமும் அப்படித்தான் வந்தது.

ஞாயிறு காலை செயலவை கூடியது. என்ன பேசினாலும் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் தீபன் கலாதேவியை அழைத்து வந்திருந்தான். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விஸ்வலிங்கம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

செயலாளர் நவமணி கடிதத்தை உரக்கப் படித்தார்.

"வரலாறு வாடகைக்கு எடுத்த உடை அன்று, வந்தவர் போனவருக்கெல்லாம் மாட்டிப் பார்ப்பதற்கு..."

மண்டபத்தில் 'ஆகா' என்றொரு சத்தம் எழுந்தது. தீபனுக்கே ஒரு கணம், தான் பெரிய தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றிவிட்டது.

அரங்கேற்றத்துக்குப் பத்தே நாள்தான் இருக்கிறது, வேறு யாரைப் போடுவது என்று ஒருவர் கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் விஸ்வலிங்கம் காத்திருந்தார்.

"இந்தக் கடிதத்தை டைப் பண்ணின பிள்ளை இருக்கே, அதைப் போடுவம். ரெண்டு வருசமாப் போனில கதைக்கிறன். என்ன உச்சரிப்பு, என்ன கம்பீரம். நாச்சியாரே வந்து பேசின மாதிரி இருக்கும்."

"பேர் என்னங்க ஐயா?" என்றான் தீபன்.

"பேர் என்னத்துக்கு? அந்தத் தமிழைக் கேட்டாலே பரம்பரை விளங்கும். அசல் தமிழ் இரத்தம்."

கையோடு தீர்மானமும் போட்டார். அந்தப் பெண் சம்மதித்தால் அவள்தான் நாச்சியார், யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. தீபனைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். நவமணி குறிப்பேட்டில் எழுதி முடித்து, தலைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

"இப்பவே கேட்பம்," என்று விஸ்வலிங்கம் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டு மேசைமேல் வைத்தார்.

பின்னால் யாருடைய போனோ அலறியது. கூட்டத்தில் போனை அணைத்து வைக்கத் தெரியாதவர்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. யாரென்று எரிச்சலோடு திரும்பினார்.

கடைசி வரிசையில் கலாதேவி எழுந்து நின்றாள். தீபனை ஒரு பார்வை பார்த்தாள். வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியாதே, எடுத்துக் காதில் வைத்தாள். மேசையிலிருந்தும் கடைசி வரிசையிலிருந்தும் ஒரே குரல் வந்தது.

"சொல்லுங்க ஐயா. கடிதத்துல ஏதாச்சும் மாத்தணுமா? என்னைய வேணாங்கறதுக்கு நீங்க சொன்ன காரணமெல்லாம் கொஞ்சம் வீக்கா இருந்துச்சு. நான்தான் அங்கங்க காரம் சேத்தேன்."