பாதிப் பெடல்

எஞ்சின் நின்றிருக்கும்போது ஐந்து கியரும் ஒழுங்காக விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டதும் முதல் கியரே கரகரவென்று பல்லைக் கடித்தது. ரிவர்ஸ் பக்கம் போகவே முடியவில்லை.

மெக்கானிக் வண்டிக்கு அடியில், குழிக்குள் நின்றிருந்தான். இரண்டு பக்கமும் தோள் உரசும் குழி. தலைக்கு மேல் பழைய பிக்கப். வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பட்டை வெளிச்சம். அதில் அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவள் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மேலே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் அக்காவின் கணவர்.

கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால் அவர் வாங்கிய வண்டி. அதனால் அக்கா அதை 'மூத்தாள்' என்றுதான் சொல்வாள். மூத்தாளுக்கு டயர் வாங்கினால் இளையவளுக்குப் புடவை கிடையாது என்று சிரிப்பாள். இன்று வந்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அந்த அளவுக்கு அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் பிடிபடவில்லை. ஆயில் குறையவில்லை. கசிவு இல்லை. குழாயில் காற்றும் இல்லை. கிளட்ச் பிளேட்டும் ஆறு மாதத்துக்கு முன் அவன் கையால் போட்டதுதான்.

"மாமா, அமுக்குங்க."

கியர் பாக்ஸ் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கிளட்ச் ஃபோர்க், பெடலை மிதித்தால் முழுதாக நகர வேண்டிய கை, கொஞ்சம் நகர்ந்து பாதியில் நின்றது.

"முழுசா அமுக்குங்க மாமா."

"அமுக்கிட்டேன்டா."

அவன் மேலே ஏறி, மாமாவை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்தான். சத்தமே இல்லாமல் முதல் கியர் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது. மாமா கதவைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினை அணைத்து, கியர் ராடைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் குழிக்குள் இறங்கினான். இப்போது வண்டியின் தளத்தில் கையகல ஓட்டை. அண்ணாந்தால் உள்ளே தெரிந்தது.

"இன்னொரு தடவை மாமா."

மாமாவின் இடது முழங்கால் தெரிந்தது. அதன் மேல் அவருடைய இரண்டு கைகளும். நிரம்பிய மூட்டைக்குள் இன்னும் திணிப்பதுபோல, தன் காலைத் தானே கீழே தள்ளிக்கொண்டிருந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது.

ஃபோர்க் பாதியில் நின்றது.

நாளைக் காலையில் டைல்ஸ் லோடு. மேட்டில் ஏறி அந்தப் பக்கச் சரிவில் இறங்க வேண்டும். சரிவு முடிகிற இடத்தில் பள்ளிக்கூட வாசல்.

மாமாவின் முகம் ஓட்டைக்கு நேராகக் குனிந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது.

"பிளேட்டு போச்சுன்னு சத்தமாச் சொல்லு மாப்ள. உங்கக்கா காதுல விழணும். அவ போனதும், பாதி மிதிச்சாலே கியர் விழற மாதிரி பண்ணிக் குடுத்துடு."

செய்ய முடியும். தள்ளுகம்பியைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதும், அரை மணி நேர வேலை. ஆனால் கிளட்ச் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து, இரண்டு மாதத்தில் கருகும். அதற்குள் என்னென்ன நடக்குமோ.

முடியாது என்று எப்படிச் சொல்வது? அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது. இந்தக் குழியை வெட்டியபோது மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டியவர் அவர்தான். அக்காவிடம் சொல்லிவிடலாமா? எதற்கும் கலங்காத மனிதர், முதல் தடவையாக அவனிடம் ஒன்று கேட்டிருக்கிறார்.

வெளிச்சப் பட்டையில் அக்காவின் கால் விரல்கள் மடங்கி விரிந்தன.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பிளேட்டு போச்சு மாமா! கியர் பாக்ஸை இறக்கணும். வண்டி ஒரு வாரம் இங்கதான் நிக்கும்!"

முதல் பாதி மாமா கேட்டது. மீதியை அவனே சேர்த்துக்கொண்டான்.

மேலே வண்டிக் கதவு திறந்தது. லோடுக்காரருக்குப் போன் பண்ணிவிட்டு வருவதாகச் சொல்லி மாமா தெருப்பக்கம் போனார். ஒரு செருப்பு நடந்தது, இன்னொன்று இழுபட்டது.

அந்தச் சத்தம் தேயும்வரை காத்திருந்துவிட்டு அக்கா எழுந்து வந்தாள். குழியோரம் குந்தி, வண்டிக்கு அடியில் முகத்தை நுழைத்தாள். அவளிடம் சொல்ல ஒரு பொய்யை அவன் அவசரமாகத் தயார் செய்துகொண்டிருந்தான்.

"பிளேட்டுதான்க்கா, நல்லாக் கருகி..."

"ஒரு வாரம் பத்தாதுடா. சாமான் கிடைக்கலைன்னு இழுத்தடி."

அவன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. கால்ல பலம் போயிட்டே இருக்குமாம், அடுத்து வலது காலுக்கு வருமாம். அப்புறம் கைக்கு. அவர் வெறும் மூட்டு வலின்னு நினைச்சிட்டிருக்கார். நீயா எதையாவது உளறி வெச்சிடாத."

இழுபடும் செருப்பின் சத்தம் திரும்பி வந்தது. அக்கா அதற்குள் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மாமா குழியோரம் வந்து நின்றார். மெதுவாக, கொஞ்சம் உற்சாகமாகக்கூடக் கேட்டார்.

"இன்னைக்கே முடிஞ்சிடும்ல மாப்ள?"

மெக்கானிக், ஒரு குறையும் இல்லாத கியர் பாக்ஸின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகத் தொடங்கினான்.