மாமனாரின் கைக்கட்டு

"நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

கொல்லைக் கதவருகே நின்று கேட்டாள் சைத்தூன் பீவி. முருங்கை மரத்தடியில் இரண்டு கையாலும் துறட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த அவள் கணவர் அல்லா பிச்சை அப்படியே நின்றுவிட்டார். கைக்கட்டு துவைக்கிற கல்லில் கிடந்தது.

சம்பா நடவு சமயத்தில் பைக்கிலிருந்து விழுந்தவர். வலது பக்கத் தோளின் காறை எலும்பு இரண்டு முனையிலும் விலகிவிட்டது. "ஆபரேஷன் வேணாம். கையைக் கட்டி வைங்க, அப்புறம் பயிற்சி பண்ணுங்க. தோள்ல மேடு நிக்கும், வேலைக்குக் குறை வராது" என்றார் தஞ்சாவூர் டாக்டர்.

கத்தி வைக்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்று குத்தாலம் கடைத்தெருவே இளக்காரம் பேசியது. அறுவடையே முடிந்துவிட்டது, கட்டு மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

அவருடைய உரக்கடையில் மூட்டை புரட்டுவதெல்லாம் மருமகன் அஸார். மாமனார் ஃபேனுக்கடியில் டீ குடிப்பார்.

"கை எப்ப சரியாச்சு?" என்றாள் சைத்தூன்.

"ஒரு மாசம் இருக்கும்."

"அந்த டாக்டரை நான் திட்டாத திட்டு இல்ல. மாப்பிள்ளையை மூட்டை தூக்க விட்டுட்டு உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"மெதுவா பேசு புள்ள. துபாய்ல வேலை போயி வந்தவரு, மாமனார் கடையில உக்கார மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. 'மாமாவுக்குக் கை சரியாகுற வரைக்கும்'னுதானே வந்தாரு? சரியாயிடுச்சுன்னா நாளைக்கே விசாவுக்கு அலைவாரு. ஷமீரா மறுபடி போன்லதான் குடும்பம் நடத்தணும்."

மகள் பேரைக் கேட்டதும் சைத்தூனுக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது.

வாசலில் பைக் சத்தம். அவளே ஓடிப்போய்க் கைக்கட்டை எடுத்து, அவசர அவசரமாகக் கணவர் கழுத்தில் மாட்டிக் கையை உள்ளே நுழைத்தாள்.

அஸார் கொல்லைக்கு வந்தான். தரையில் கிடந்த முருங்கைக்காய்களைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான்.

"கை எப்படி இருக்கு மாமா?"

"வலிதான் தம்பி. இன்னும் தூக்க முடியல."

அஸார் கைக்கட்டை அவிழ்த்து அடுத்த கைக்கு மாற்றிக் கட்டினான்.

"அடிபட்டது வலது பக்கம் மாமா. யாராவது பாத்துட்டு, மாப்பிள்ளைக்கு இனிமே கடையில என்ன வேலைன்னு கேட்டுடப் போறாங்க."