நல்ல ரத்தம்

“இன்னைக்குப் பேப்பர் கைக்கு வராம இந்தப் படியை விட்டு எறங்க மாட்டேன், தாஸிம் நானா!”

கடைவீதிக்கே அண்ணனான தாஸிம் நானா தலையில் கை வைத்துக்கொண்டார். பதுளை நகரில், ஒரு புடவைக்கடையின் மாடியில் அவருடைய ரத்தப் பரிசோதனைக் கூடம் இருந்தது. எதிரே நின்ற நேசராணி, தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். எண்பத்து நாலாம் வருஷத்து மாசிப் பனியில், மூன்றாம் தடவையாக ரயிலேறி வந்திருந்தாள். துணைக்கு வந்த புருஷன் கபிரியேல் வாசலோரம் ஒதுங்கி நின்றான்.

“நான் என்ன செய்ய, தங்கச்சி? ரத்தம் சோதிக்கிற மருந்து பழுதாகிட்டுது. பழுதான மருந்த வச்சு ரிப்போர்ட் எழுதினா அது பொய்.”

“போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுல பேப்பரக் காட்டலேன்னா சின்னதொர என் பேர வெட்டிருவாரு. காட்டுனா பிள்ளைக்காம்பராவுல வேல குடுப்பாராம். கொழுந்துதான் பறிக்க முடியல, கைப்புள்ளைங்களையாவது பாத்துக்கிட்டுப் பொழச்சுக்குவேன்.”

இரண்டு வருஷமாக அவள் விரல்கள் காலையில் மடங்குவதில்லை. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் இளகும். அதுவே வினையாகப் போனது. ‘காலையில் வலி, மத்தியானம் சுகமா? நன்றாக நடிக்கிறாய்’ என்று பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால், தோட்டத்து உதவி அதிகாரியான சின்னதுரை சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்து டாக்டர்தான், ரத்தத்தைச் சோதித்துப் பேப்பர் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“மருந்து பழுதுன்னு எப்படிங்க தெரியும்?”

நானா ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைக் காட்டினார். அதில் இரண்டு சொட்டுகள் இருந்தன.

“ரத்தத்துல இந்த வாத நோயோட அடையாளம் இருந்தா, மருந்து திரிஞ்ச பால் மாதிரி ஆகிடும். இல்லாட்டி பால் பாலாவே இருக்கும். இது உங்க ரத்தம். திரிஞ்சிருக்கு.”

“அப்ப எழுதிக் குடுங்க!”

“அவசரப்படாதீங்க. பக்கத்துல இருக்கிறது நோயில்லாத ஒருத்தரோட நல்ல ரத்தம். ஒவ்வொரு தடவையும் இதையும் கூட வச்சுத்தான் பாப்பேன். இன்னைக்கு இதுவும் திரிஞ்சிருக்கே! நல்ல ரத்தமே திரிஞ்சா மருந்துதானே பழுது? கொழும்பிலேருந்து புதுப் பெட்டி எடுப்பிச்சேன். அதுவும் அதே கதைதான்.”

நேசராணி கொஞ்சம் யோசித்தாள். “அந்த நல்ல ரத்தக்காரருக்குத்தான் ஏதும் நோயோ என்னமோ?”

நானாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“அவருக்கா? கல்லுக்குண்டு மாதிரி ஆள்! காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல. அஞ்சு வருஷமா அவர் ரத்தம் ஒரு தரம்கூடத் திரிஞ்சதில்ல. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசாதீங்க!”

வேறு யாராவது என்றால் அந்தச் சத்தத்துக்கே படியிறங்கியிருப்பார்கள். நேசராணி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க. வேற ஆளுங்க ரத்தத்த எடுத்துப் பாருங்க. இந்தா, எங்க வீட்டுக்காரரு இருக்காரு.”

கபிரியேலின் முகம் வெளிறியது. “எனக்கெதுக்கு ஊசி?”

“சும்மா குந்துங்க. மலையில அட்ட கடிச்சு எவ்வளவோ ரத்தம் போயிருக்கு. எனக்காகக் கொஞ்சம் போனா கொறஞ்சிர மாட்டீங்க.”

ஒருவர் போதாது என்று நானா கீழே போய்ப் புடவைக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மருந்துதான் பழுது என்று இந்தப் பெண்ணுக்குக் காட்டியே தீருவதென்று அவருக்கும் வீம்பு வந்துவிட்டது. ரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீர் பிரிய ஒரு மணி நேரம் ஆனது. மத்தியான ரயில் போய்விட்டது. நேசராணி அசையவில்லை.

மூன்று சொட்டுகளிலும் மருந்தைக் கலந்து, நானா கண்ணாடியை மெல்ல ஆட்டினார்.

முதலாவது பால். இரண்டாவதும் பால். மூன்றாவதும் பாலாகவே இருந்தது.

அவர் நம்பவில்லை. எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை செய்தார். அந்த மூன்றும் பாலாகவே இருந்தன. நேசராணியுடையது திரிந்தது. நல்ல ரத்தமும் திரிந்தது.

“மருந்து நல்ல மருந்துதாங்க,” என்றாள் நேசராணி.

நானா கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். நேசராணி அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனி யாரும் என்னைய நடிக்கிறவன்னு சொல்ல முடியாது.”

படிவரை போனவள் திரும்பி வந்தாள்.

“நானா, அந்த நல்ல ரத்தக்காரருக்கு வலி, வீக்கம் ஏதும் இருக்கா?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அவர்.

“அப்ப இன்னைக்கே சொல்லிருங்க. சிலருக்கு வீக்கம் வர நாலஞ்சு வருஷத்துக்கு முந்தியே ரத்தத்துல தெரிஞ்சிருமாம், தோட்டத்து டாக்டர் சொன்னாரு. எல்லாருக்கும் வராதாம். ஆனா தெரிஞ்சிருந்தா மொத வலியிலேயே டாக்டர்கிட்ட ஓடலாமில்ல? எனக்கு யாரும் சொல்லல. ரெண்டு வருஷம் எண்ணெயத் தேச்சுத் தேச்சே கையக் கெடுத்துக்கிட்டேன். அவரு எந்த ஊரு? பண்டாரவளையா, வெலிமடையா? நீங்க சொல்லத் தயங்குனா நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

“பஸ் வேணாம், தங்கச்சி,” என்றார் தாஸிம் நானா. “சொல்லிட்டீங்க. அது என்னோட ரத்தம்.”